பழம் புகையிலை



பழைய அரிசிக்கும் பழம் புளிக்கும் நம் வீடுகளில் உள்ள மதிப்பைத் தாங்கள் அறிவீர்கள். மேல்நாட்டார் சுங்கானில் இட்டுப் புகைக்கும் புகையிலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆண்டு ஏற ஏற அதன் சுவையும் ஏறும். இதைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் தகுந்தவனா என்று சிலர் கேட்கக் கூடும். இருபது ஆண்டு சுங்கான் பிடித்தவன் நான். அதைக் கைவிட்டும் இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. இரு கரையிலும் நின்றவன் என்பதுதான் என் தகுதி.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உளவியல் கற்பித்த முதியவர் ஒருவர் இருந்தார். கப்பலில் பணிபுரிந்த அவருடைய மைத்துனர் அவ்வப்போது புகையிலை டப்பிகளைக் கொண்டு வந்து கொடுப்பார். அவற்றின் அடியில் பென்சிலால் ஆண்டைக் குறித்து, முத்திரை பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பது முதியவரின் வழக்கம். எட்டு ஆண்டு காத்திருந்த ஒரு டப்பியை அவர் திறந்த நாளில் நானும் உடன் இருந்தேன். பொன்னிறமாக இருந்திருக்க வேண்டிய இலை கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. உலர்ந்த அத்திப்பழமும் கருப்பட்டியும் கலந்தாற்போன்ற மணம் அறை முழுதும் பரவிற்று. புதிய புகையிலையில் நாவைச் சுடும் காரம் ஒன்று உண்டு. இதில் அது அடங்கியிருந்தது. ஒரு முறை நிரப்பிய சுங்கானை அவசரமின்றி ஒரு மணி நேரம் வரை பிடிக்கலாம். அதன் இன்பம் பாதி சுவையில் என்றால், பாதி அந்த நிதானத்தில் இருந்தது.

அந்த டப்பியில் இருந்தவை இரண்டு வகை இலைகள்: ஒன்று வர்ஜீனியா, மற்றொன்று பெரீக். இவ்விரண்டின் வரலாற்றையும் நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்த்தான்.

வர்ஜீனியாவில் ஜான் ரால்ஃப் என்ற ஆங்கிலேயர் 1612ஆம் ஆண்டு வாக்கில் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து விதையைப் பயிரிட்டார். 1614இல் அவர் சரக்கு இங்கிலாந்து சென்றது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே எழுதியிருந்தார். விற்பனை அதனால் நின்றுவிடவில்லை. இலைகளைப் பெரும் மரப் பீப்பாய்களில் இறுக அழுத்தி அடைத்துக் கப்பலேற்றினர். பீப்பாய்க்குள்ளே இலை வெதும்பிப் புழுங்கும். அம்மோனியா வாடை மெல்ல நீங்கும். இலையை முதிரவைப்பதற்கென்றே பிற்காலத்தில் கிடங்குகளில் ஆண்டுக்கணக்காகப் பீப்பாய்களை வைத்திருந்தனர்.

ஆயினும் முதுமையில் இனிக்கும் அந்தப் பொன்னிற இலை ரால்ஃபின் காலத்தது அன்று. அது 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் வட்டத்தில் பிறந்தது. அபிஷா ஸ்லேடு என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்ற நீக்ரோ அடிமை கொல்லு வேலையும் செய்வார், புகையிலைப் பாடம் போடும் கொட்டகையின் நெருப்பையும் காப்பார். ஒரு நாள் இரவு அவர் கண்ணயர்ந்துவிட நெருப்பு அவியத் தொடங்கியது என்றும், விழித்ததும் பதறிக் கொல்லுலைக்கான கரியை அள்ளிப் போட்டார் என்றும் கூறுவர். திடீரென்று எழுந்த அந்த உலர்ந்த வெப்பத்தில் இலைகள் பழுப்பாகாமல் பளிச்சென்ற மஞ்சளாயின. விரைந்து உலர்வதால் இலையின் சர்க்கரை அதிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து அத்திப்பழ மணமாக நம்மிடம் வந்து சேர்வது அதுவே. பிற்காலத்தில் கரியை விடுத்து, குழாய் வழியே வெப்பத்தைச் செலுத்தலாயினர். நம் அண்டை ஆந்திரத்தில் விளையும் வர்ஜீனியா இலையும் இம்முறையில் பாடமாவதே. இலைக்குக் கிடைத்த நல்ல விலை பண்ணைக்காரரைச் சேர்ந்தது. அடிமைக்குக் கூலி ஏது? அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1865இல். இருபது ஆண்டு நான் சுவைத்த இன்பத்தில் ஸ்டீபனுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அறியாமலே நான் சுவைத்திருக்கிறேன்.

இனி, பெரீக். லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் வட்டத்தில், கிராண்ட் பாயிண்ட் என்னும் சிறு நிலப்பரப்பில் மட்டுமே அது உரிய குணத்தோடு விளையும் என்பர். சாக்டா, சிக்கசா என்னும் பழங்குடியினர் அங்கே பயிரிட்டிருந்த புகையிலையிலிருந்து, பியேர் ஷெனே என்ற உழவர் 1824இல் இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. இரண்டு வாரம் உலர்த்திய இலையை ஈரப்படுத்தி, நரம்பு நீக்கி, முறுக்குகளாகச் சுருட்டி, விஸ்கி பீப்பாயில் அடுக்குவர். மேலே கட்டைகளை வைத்துத் திருகு ஜாக்கியால் நெருக்குவர். இலை தன் சாற்றிலேயே ஊறும். இடையிடையே அழுத்தத்தைத் தளர்த்தி, முறுக்குகளைக் கையால் பிரித்துக் காற்றாட விட்டு, மீண்டும் நெருக்க வேண்டும். ஓராண்டு ஆன பின் இலை மை போலக் கறுத்து, புளித்த பழத்தின் மணம் பெறும். தனியே புகைத்தால் தலை சுற்றும்; ஊறுகாய்போல் சிறிதளவே சேர்ப்பர். இவ்வளவு உழைப்பைக் கேட்கும் பயிரை எத்தனை குடும்பங்கள் விரும்பும்? இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சில ஏக்கர் அளவுக்கு அது சுருங்கிவிட்டது.

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்று என் காலத்தில் பலரும் சொன்னோம். அது பிழை. வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுக்கு அதுவும் காரணமே. 1950இல் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் புகைத்தலையும் நுரையீரல் புற்றையும் இணைத்துக் காட்டினர். 1964இல் அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை சுங்கானை உதட்டுப் புற்றோடு சேர்த்துப் பேசிற்று. என் நாவின் ஓரத்தில் வெண்மையான ஒரு தடிப்பைக் கண்ட மருத்துவர், விடுகிறீர்களா, அல்லது அறுக்கட்டுமா என்று கேட்டார். அன்றே விட்டேன்.

முதியவர் மறைந்தபின் அவருடைய மனைவியார் எனக்குக் கொடுத்த டப்பி ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடியில் 1983 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பேரன் அதைத் திறக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டான். நான் திறக்கவில்லை.