இக்போ மக்கள்: சொந்த ஊரும் சென்ற ஊரும்

பிறந்த மண்ணை நீங்கிப் பிற மண்ணிற் குடியேறி வாழும் மக்கள் உலகின் எல்லாக் கண்டங்களிலும் உளர். அவர்கள் சென்ற இடத்தில் முதற்கண் தேடுவது தொழில். அடுத்துத் தேடுவது தம்மூரார். நால்வர் கூடினால் ஒரு சங்கம் தோன்றிவிடுகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இத்தகைய வாழ்க்கையை மிகப் பரந்த அளவில் வாழ்ந்து, அதனால் ஏற்றமும் பெற்று, பெருந்துயரமும் உற்று, மீண்டும் தலைநிமிர்ந்த ஓர் இனத்தாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவ்வினத்தார் இக்போ எனப்படுவர். பழைய நூல்களில் அப்பெயர் ஈபோ என்றும் எழுதப்பட்டிருக்கும்.

நாடும் மக்களும்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா 20 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாடு. அங்கு 250க்கு மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. வடபுலத்தில் இசுலாமிய சமயத்தைத் தழுவிய ஹௌசா, ஃபுலானி மக்களும், தென்மேற்கில் யொரூபா மக்களும், தென்கிழக்கில் இக்போ மக்களும் பெருந்தொகையினர். தனித்தனியே ஆளப்பட்டுவந்த வடபகுதியையும் தென்பகுதியையும் 1914ஆம் ஆண்டில் லுகார்டு பிரபு ஒன்றாக இணைத்தார். இணைக்கப்பட்ட மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஆளும் செலவைச் சுருக்குவதே ஆங்கிலேயரின் முதன்மையான நோக்கம்.

இக்போ நாடு பெரும்பாலும் நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே அமைந்தது. மழை மிகுந்த பூமி. வள்ளிக்கிழங்கும் எண்ணெய்ப்பனையும் அதன் செல்வங்கள். அவர்களுடைய வாரத்துக்கு நாள் நான்கே: ஏகே, ஓரியே, அஃபோர், இங்க்வோ. இந்நான்கும் சந்தை நாட்களின் பெயர்கள். இன்ன ஊரில் இன்ன நாளில் சந்தை என்று முறைவைத்து, நாட்கணக்கையே சந்தைக்கணக்காக வைத்துக்கொண்ட மக்கள், வாணிகத்தில் வல்லவராக விளங்கியது வியப்பன்று.

அரசனில்லா ஆட்சி

யொரூபா மக்களுக்கு ஊர்தோறும் மன்னர் உண்டு. வடபுலத்தாருக்கு அமீர்கள் உண்டு. இக்போ மக்களுக்கோ, ஒனிட்சா, இன்ரி போன்ற சில இடங்கள் தவிர, அரசர் இல்லை. "இக்போவுக்கு மன்னனில்லை" என்பது அவர்கள் பழமொழி. உமுன்னா எனப்படும் தந்தைவழிப் பங்காளிகளின் கூட்டமே குடும்ப வழக்குகளைத் தீர்த்தது. ஊர்ச்சபையில் மூத்தோர் முன்னே அமர, இளையோரும் எழுந்து பேசினர். முயன்று பொருளீட்டி ஊருக்குச் செலவிட்டவன் பட்டம் பெற்றான். பிறப்பினால் மட்டும் ஒருவன் தலைவனாகிவிடவில்லை.

இதனால் அச்சமுதாயம் குறையற்றது என்று கூறலாகாது. தெய்வங்களுக்கு அடிமைகளாக நேர்ந்து விடப்பட்டவரின் வழித்தோன்றல்களை ஓசு என்று ஒதுக்கி, அவர்களோடு மணவுறவு கொள்ளாத கொடுமை அங்கு வேரூன்றியிருந்தது. 1956ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணச் சட்டசபை அவ்வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும், பெண் பார்க்கும் வேளையில் இன்றும் அவ்வினா எழுவதுண்டு.

அரசனில்லாத மக்களை ஆள்வது ஆங்கிலேயருக்குக் கடினமாயிற்று. எனவே, தாமே சிலரைப் பொறுக்கியெடுத்து, கையில் ஒரு சாசனத்தைக் கொடுத்து, "நீயே தலைவன்" என்றனர். அத்தலைவர்களின் அதிகாரத்தை மக்கள் வெறுத்தனர். 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓலோகோ என்னும் ஊரில் இத்தகைய தலைவன் ஒருவனின் ஆள், பனையெண்ணெய் பிழிந்துகொண்டிருந்த இன்வான்யெருவா என்னும் மூதாட்டியிடம் சென்று, வீட்டிலுள்ள ஆட்களையும் ஆடுகளையும் கணக்குச் சொல்லுமாறு கேட்டான். ஆடவருக்கு முன்பே வரி விதித்தாயிற்று. இக்கணக்கு பெண்களுக்கும் வரி விதிப்பதற்கே என்று மூதாட்டி அஞ்சினாள். செய்தி ஊர் ஊராகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு, தலைவர்களின் இல்லங்களைச் சூழ்ந்து, ஏளனப் பாட்டுப் பாடி, பதவித் தொப்பிகளைப் பறித்தனர். அடுத்த மாதம் சர்க்காரின் துப்பாக்கிகள் முழங்கின. 50க்கு மேற்பட்ட பெண்கள் மாண்டனர். ஆயினும், அப்பெண்கள் தோற்கவில்லை. விசாரணைகள் நடந்தன, சில ஆண்டுகளுக்குள் அச்சாசனத் தலைவர் முறையே கைவிடப்பட்டது.

ஊர்ச் சங்கங்கள்

விளைநிலம் குறைவு, மக்கள் தொகை மிகுதி. துறைமுகத்திலிருந்து எனுகு நிலக்கரிச் சுரங்கம் வழியாக வடக்கு நோக்கிச் சென்ற இருப்புப்பாதை, இக்போ இளைஞர்களையும் ஏற்றிச் சென்றது. பாதிரிமார் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் ரயில்வே, தபால் நிலையம், வணிகக் கம்பெனி ஆகியவற்றில் குமாஸ்தாக்களாயினர். கல்லாதவர்கள் கடை வைத்தனர். கானோ நகரில் பழங்கோட்டை மதிலுக்கு வெளியே, வெளியூராருக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதற்குச் சபோன் கரி என்று பெயர். ஹௌசா மொழியில் புதிய ஊர் என்று பொருள். அங்கு வாழ்ந்தோர் எத்தனை ஆண்டுகள் கழிந்தும் புதியவராகவே கருதப்பட்டனர்.

சென்ற ஊர்களிலெல்லாம் இக்போ மக்கள் தத்தம் ஊர்ப்பெயரால் முன்னேற்றச் சங்கங்கள் கண்டனர். மாதந்தோறும் கூட்டம்; கட்டாயச் சந்தா; வாராதவருக்கு அபராதம். வேலையிழந்தவனுக்கு உதவி, நோயுற்றவனுக்குத் துணை, இறந்தவனுடைய உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு சேர்த்தல் ஆகியன சங்கத்தின் கடமைகள். சேர்ந்த பணத்தில் சொந்த ஊரில் பள்ளிகள் எழுந்தன. கூர்மதியுள்ள பிள்ளைகள் கடல் கடந்து படிக்கச் சென்றனர். சினுவா அச்சிபி 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நாவல் இத்தகைய சங்கத்தை நயம்படக் காட்டுகிறது. ஓர் இளைஞனை இங்கிலாந்துக்கு அனுப்பச் சங்கத்தார் 800 பவுன் திரட்டுகின்றனர். அவன் சட்டம் பயின்று ஊரின் நில வழக்குகளை நடத்துவான் என்பது அவர்கள் எண்ணம். அவனோ இலக்கியம் பயின்று திரும்புகிறான். ஓசு குலத்துப் பெண்ணை மணக்கவும் விழைகிறான். தூக்கிவிட்ட சங்கமே அவனுக்குத் தளையாகவும் ஆகிறது. சங்கம் நடத்துவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க கதை அது.

வெளியூர் வாழ்க்கை ஈன்ற தலைவர்களுள் தலையாயவர் இன்னாம்டி அசிகிவே. அவர் 1904ஆம் ஆண்டில் வடபுலத்திலுள்ள சுங்கேரு என்னும் ஊரில் பிறந்தார்; இக்போ, ஹௌசா, யொரூபா ஆகிய மூன்று மொழிகளும் பேசினார். அமெரிக்காவில் கற்றுத் திரும்பி, 1937ஆம் ஆண்டில் லாகோஸ் நகரில் பத்திரிகை தொடங்கி, நாடு முழுவதற்கும் விடுதலை வேட்கையூட்டினார். இத்தகையவரே 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் யொரூபா மக்கள் மிகுந்த மேற்கு மாகாணத்தில் ஆட்சியமைக்க இயலாது, எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். பின்னர்க் கிழக்கே திரும்பி, 1954ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் பிரதமரானார். நாட்டுக்குத் தலைவராக எழுந்தவரும் தம் மாகாணத்துக்குத் திரும்ப நேர்ந்தது ஒரு தீக்குறி. எனினும், 1960 அக்டோபர் 1ஆம் நாள் நைஜீரியா விடுதலை பெற்றது. 1963ஆம் ஆண்டில் குடியரசானபோது அசிகிவே அதன் முதல் குடியரசுத் தலைவரானார். ஆட்சி அதிகாரமோ பிரதமரிடம் இருந்தது.

பெருந்துயரம்

1966 ஜனவரி 15ஆம் நாள் இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் கிளர்ந்தெழுந்து, பிரதமர் பலேவாவையும் வட மாகாணத் தலைவர் அகமது பெல்லோவையும் கொன்றனர். அவ்வதிகாரிகளுட் பெரும்பாலோர் இக்போக்கள். கிளர்ச்சியை அடக்கி ஆட்சியேற்ற தளபதி இரோன்சியும் இக்போவே. சிலர் செய்த செயலுக்கு இனம் முழுவதும் பொறுப்பாக்கப்பட்டது. ஜூலை மாதத்தில் எதிர்ப்புரட்சி மூண்டு இரோன்சி கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்திலும், பின்னர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் வடபுல நகரங்களில் கிழக்கத்தியர் பல்லாயிரவர் படுகொலையுண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடையையும் வீட்டையும் கைவிட்டுக் கிழக்கே ஓடினர். வடக்கே பிறந்து வளர்ந்து, சொந்த ஊரையே அறியாத குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

1967 மே 30ஆம் நாள் தளபதி ஓஜுக்வு கிழக்கு மாகாணத்தைப் பியாஃப்ரா என்னும் தனிநாடாக அறிவித்தார். ஜூலையில் போர் தொடங்கிற்று. கடலும் நிலமும் அடைக்கப்பட, உணவு அற்றது. முப்பது மாதப் போரில் மடிந்தோர் தொகையை 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை பலவாறு கணிக்கின்றனர். படையால் மாண்டவரினும் பசியால் மாண்டவரே மிகுதி. அவர்களுள்ளும் குழந்தைகளே மிகுதி. 1970 ஜனவரி 15ஆம் நாள் பியாஃப்ரா சரணடைந்தது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று நைஜீரியத் தலைவர் கோவன் அறிவித்தார். பழிவாங்கும் படுகொலை நிகழும் என்று உலகம் அஞ்சியது. அது நிகழவில்லை என்பதைக் கூறுதல் நீதி.

இருபது பவுனும் இளைஞர் பயிற்சியும்

ஆயினும், போருக்குப் பின் வங்கிக்குச் சென்ற இக்போ வணிகனுக்கு, கணக்கில் எவ்வளவு இருந்தபோதிலும், 20 பவுனே கிடைத்தது. 1972ஆம் ஆண்டில் அயல்நாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை உள்நாட்டார் வாங்கலாம் என்று ஆணை பிறந்தபோது வாங்குவதற்கு அவனிடம் பணமில்லை. கானோ போன்ற வடபுல நகரங்களில் அக்கம்பக்கத்தார் பலர், ஓடிப்போனவர்களின் வீடுகளைக் காத்திருந்து வாடகையோடு திருப்பித் தந்தனர். ஆனால், அண்மையிலிருந்த போர்ட் ஹார்கோர்ட் நகரிலோ, அத்தகைய வீடுகள் கைவிடப்பட்ட சொத்து எனப்பட்டுப் பிறர் கைக்குப் போயின. தூரத்தார் இரங்கினர், அண்டை நாட்டார் இரங்கவில்லை.

மூலதனமற்ற அம்மக்களை மீட்டது அவர்களிடம் முன்பே இருந்த ஒரு வழக்கம். இக்பா போய் என்று அதனை வழங்குவர். ஒரு சிறுவனை அவன் பெற்றோர், ஊர்க்காரரான வணிகர் ஒருவரிடம் ஒப்படைப்பர். அவன் அவர் வீட்டிலேயே உண்டு உறங்கி, கடை பெருக்கி, சரக்குச் சுமந்து, விலை பேசி, கடன் தரத்தக்கவன் எவன், தகாதவன் எவன் என்று கற்பான். சம்பளம் இல்லை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழிந்ததும் முதலாளி அவனுக்கு மூலதனம் தந்து, தனிக்கடை வைத்துக் கொடுப்பார். நேற்றைய பணியாள் இன்று போட்டியாளன். நாளை அவனும் சில சிறுவருக்கு முதலாளி. பத்திரமில்லை, முத்திரையில்லை, ஊர்ப் பெரியோரே சாட்சி. கெடு முடியும் தறுவாயில் திருட்டுப்பழி சுமத்திப் பையனை வெறுங்கையோடு விரட்டும் முதலாளிகளும் உண்டு. பள்ளிப்படிப்பை இழக்கும் பிள்ளைகளும் உண்டு. எனினும், லாகோஸ் நகரின் அலாபா மின்பொருட் சந்தையும் லடிப்போ மோட்டார் உதிரிப்பொருட் சந்தையும், செருப்புக்கும் தையலுக்கும் பெயர்பெற்ற ஆபா நகரத்து அரியாரியாச் சந்தையும், போரில் அழிந்து மீண்டெழுந்த ஒனிட்சாப் பெருஞ்சந்தையும் இம்முறையில் வளர்ந்தவை. உதிரிப்பொருள் விற்கத் தொடங்கிய நெவி என்னும் ஊர் இன்று மோட்டார் வண்டியே செய்கிறது.

இன்றைய நிலை

இன்று நைஜீரியாவில் இக்போ கடை இல்லாத நகரத்தைக் காண்பது அரிது. ஆனால், பிறந்து வளர்ந்த நகரிலேயே அவர்களுடைய பிள்ளைகள் மண்ணின் மைந்தராக ஏற்கப்படுவதில்லை. கல்லூரி இடத்துக்கும் அரசாங்க வேலைக்கும், வாழும் ஊரைக் கேளாது, மூதாதையரின் ஊரைக் கேட்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நாட்டின் ஆறு மண்டலங்களுள் மிகக் குறைந்த மாநிலங்கள் உள்ளது ஐந்தே மாநிலங்களைக் கொண்ட தென்கிழக்கு. ஆட்சி அதிகாரமுடைய குடியரசுத் தலைவர் பதவிக்கு இக்போ ஒருவர் இதுவரை தேர்ந்தெடுக்கப்படவில்லை. இக்குறைகளிலிருந்து பிரிவினைக் குரல் மீண்டும் எழுந்தது. 2021ஆம் ஆண்டு முதல் அவ்வியக்கத்தார் அறிவித்த திங்கட்கிழமைக் கடையடைப்பால் நட்டமுற்றோர் இக்போ வணிகர்களே.

2023 பிப்ரவரி மாதத் தேர்தலில் பீட்டர் ஓபி என்னும் இக்போ தலைவர் நாடளவில் மூன்றாமிடமே பெற்றாலும், யொரூபா மண்ணாகிய லாகோஸ் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். பல இனத்து இளைஞரும் அவருக்கு வாக்களித்தனர். மூன்று வாரங்களுக்குப் பின் அங்கு மாநிலத் தேர்தல் நடந்தபோது, இக்போக்கள் என்று கருதப்பட்டோர் சில வாக்குச்சாவடிகளில் அச்சுறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நம்பிக்கையும் அச்சமும் ஒரே நகரில், ஒரே மாதத்துக்குள் வெளிப்பட்டன.

நாம் அறியத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கது யாது? வெளியூரில் வாழ்வோருக்குச் சங்கம் சோறும் துணையும் தரும். உழைப்பு செல்வம் தரும். ஆனால், "இவ்வூர் உனக்கும் உரியது" என்னும் உறுதியை இவ்விரண்டும் தாமாகத் தந்துவிடா. அதனை நாட்டின் சட்டம் தரவேண்டும். அடுத்த வீட்டார் மனமும் தரவேண்டும். கானோ நகரில் வாடகைப் பணத்தை மடியில் முடிந்து வைத்துக் காத்திருந்த அண்டைவீட்டார் எந்தச் சங்கத்திலும் உறுப்பினரல்லர். பல ஆண்டுகள் பழகிய பழக்கமே அவர்களைக் காவலராக்கியது.

ஆண்டுவிழாக் கொண்டாடும் நாமும் இதனை நெஞ்சில் இருத்துதல் நன்று. தாய்மொழியைப் பேணவும், பிள்ளைகளுக்கு ஊரையும் உறவையும் அறிமுகப்படுத்தவும் நமக்குச் சங்கம் வேண்டும். அச்சங்கத்தின் வாயிற்கதவு தெருவை நோக்கியும் திறந்திருக்க வேண்டும். நம் விழாவின் முன்வரிசையில் அடுத்த வீட்டாரும் அமர்ந்திருப்பார்களாயின், சங்கம் தன் பணியைச் செய்துவிட்டது என்று நாம் மகிழலாம்.