மாற்றுவதா, சீர்செய்வதா?

சிதைந்த ஏட்டில் விடுபட்ட அடிக்குப் பதிலாகச் சொந்த அடியைச் செருகுவதா, மூலத்தைத் தேடிப் பொறுத்திருப்பதா? சுவடி பதிப்போர்க்குரிய இக்கேள்வியை ஒரு காரின் வரலாற்றிலும் நாம் காண்கிறோம்.

பிரிட்டனின் ட்ரயம்ஃப் ஸ்டாக் 1970இல் விற்பனைக்கு வந்தது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி அதற்கு வடிவம் தந்தார். 1977 வரை 25,877 கார்களே உருவாயின. அழகில் குறையில்லை, குறை எஞ்சினில் இருந்தது. அதன் 2997 சிசி வி8 எஞ்சினில் தண்ணீர்ப் பம்பு உயரத்தில் அமைந்திருந்தது. நீர் சற்றுக் குறைந்தாலும் பம்பு வறண்டு, சுழற்சி தடைப்படும். வார்ப்பு மணலும் துருவும் நீர்ப்பாதைகளை அடைத்தன. எஞ்சின் கொதித்தது, அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தது.

பிற்காலத்தில் அதனைப் பழைய காராக வாங்கியோருள் பலர் சலித்துப்போய் ரோவர் வி8 எஞ்சினைப் பொருத்தினர். கார் ஓடியது. ஆயின் அது ஸ்டாக்தானா? வேறு சிலர் பழைய எஞ்சினையே பேணினர். நீர்ப்பாதைகளைக் கழுவினர்; ரேடியேட்டரைப் புதுப்பித்தனர்; துருத்தடுப்பு கலந்த நீரைத் தவறாமல் மாற்றினர். அவ்வாறு பேணப்பட்டவை பல ஆண்டுகள் கொதிக்காமல் ஓடின. ஆகவே, குறை வடிவமைப்பில் மட்டுமன்று, பராமரிப்பிலும் இருந்தது எனலாம்.

செருகிய அடியாலும் செய்யுள் நிரம்பும். எனினும் நம் நன்றி, மூலத்தைத் தேடியவர்க்கே உரியது.