60 கொடுத்தா மீதி எவ்வளவு? அணுக்கருவை மோதி ஆற்றலை அளப்பது எப்படி... கார்பனின் 7.65 கணக்கு!

ஓசூர் சிப்காட்டில் ஃபவுண்ட்ரி, ஃபோர்ஜிங் யூனிட்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்' புதுசு இல்லை. ஸ்டீல் துண்டு மேல் மின்பொறி பாய்ச்சினால் போதும். அதில் வரும் ஒளியை வச்சே கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். இஎன்-8 கிரேடு என்றால் கார்பன் சுமார் 0.4 சதவீதம். அளவு தப்பினால் சரக்கு ரிஜெக்ட்.

கார்பனுக்காக அந்த மெஷின் தேடும் அடையாளங்களில் முக்கியமானது, 193 நானோமீட்டரில் வரும் புற ஊதா ஒளி. அணுவில் உள்ள எலக்ட்ரான் மேல் படியில் இருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது வரும் ஒளி அது. இதே மாதிரி, அணுவின் நடுவில் இருக்கும் அணுக்கருவுக்கும் ஆற்றல் படிகள் இருக்கின்றன. ஆனால் அதை மின்பொறியால் அசைக்கவே முடியாது. துகளை எறிந்து மோத வைக்கணும். கார்பன் அணுக்கருவில் அப்படிச் சிக்கிய ஒரு படி மட்டும் இயற்கையில் இல்லாமல் போயிருந்தால், ஸ்டீலில் கலக்கும் கார்பனும் சரி, கிருஷ்ணகிரி மாங்கூழின் சர்க்கரையில் இருக்கும் கார்பனும் சரி, பிரபஞ்சத்திலேயே அரிதான பொருளாகி இருக்கும்.

மின்பொறி ஏன் பத்தாது?

ஒரு எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடந்தால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல்தான் 1 எலக்ட்ரான் வோல்ட். 193 நானோமீட்டர் ஒளியில் இருப்பது சுமார் 6.4 எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவின் கணக்கோ மில்லியனில், அதாவது பத்து லட்சங்களில் போகும். சுருக்கமாக 'எம்இவி'. கார்பன்-12 அணுக்கருவின் முதல் படி 4.44 எம்இவி. அடுத்தது 7.65. அதற்கு மேல் 9.64. நடுவில் எதுவும் இல்லை. 7.65 எம்இவி என்பது அந்த ஸ்பெக்ட்ரோ ஒளியை விட சுமார் 12 லட்சம் மடங்கு பெரிசு.

ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் போன்ற லேசான அணுக்கருக்களில் துகள்கள் கொஞ்சம்தான். அதனால் படிகளும் பெரும்பாலும் தள்ளித் தள்ளி இருக்கும், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கலாம். யுரேனியம்-238 மாதிரி கனமானதில் முதல் படியே 0.045 எம்இவியில் வந்துவிடும். அதற்கு மேலே ஒரே நெரிசல்!

60 ரூபாய் கணக்கு

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயினை அடிக்கிறது. காயின் நகர்கிறது, ஸ்ட்ரைக்கர் வேகம் குறைகிறது. எவ்வளவு குறையும் என்பது எந்தக் கோணத்தில் திரும்பியது என்பதைப் பொறுத்தது. அணுக்கரு மோதலிலும் பாதி கதை இதுதான். இலக்கு நகர்ந்தது, ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை என்றால் அது மீள் சிதறல்.

மீதி பாதியைப் புரிந்துகொள்ள, ஒரு பையனிடம் 60 ரூபாய் கொடுத்து கடைக்கு அனுப்புவதாக வச்சுக்கலாம். கடையில் மூன்றே பொருள்: 4.44, 7.65, 9.64. பேரம் கிடையாது. பையன் என்ன வாங்கினான் என்று கேட்கவே வேண்டாம், திரும்பி வரும்போது கையில் இருக்கும் சில்லறையை எண்ணினால் போதும். போக வர பஸ் டிக்கெட் செலவு? அதுதான் இலக்கு நகர்வதற்குப் போன ஆற்றல். கோணம் தெரிந்தால் அந்தச் செலவைத் துல்லியமாகக் கழித்துவிடலாம். அதற்கு மேலும் குறைகிறது என்றால், அந்த ஆற்றல் அணுக்கருவுக்குள்ளே போய் அதை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறது. இதற்குப் பெயர் மீளாச் சிதறல்.

60 என்பது சும்மா சொன்ன எண் இல்லை. கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையத்தில், கார்பனை நோக்கி ஆல்ஃபா துகள்களை அனுப்பியது 60 எம்இவி ஆற்றலில்தான். ஆல்ஃபா என்றால் வேறொன்றும் இல்லை, ஹீலியத்தின் அணுக்கரு. அங்குள்ள கே-130 சைக்ளோட்ரான் இந்தியாவிலேயே கட்டப்பட்டது, முதல் கற்றை வந்தது 1977ல்.

காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள், மைக்ரோகிராம் கணக்கில் அளக்கிற அளவுக்கு மெல்லிய கார்பன் படலம். சுற்றிலும் சிலிக்கான் டிடெக்டர்கள். வந்து விழும் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன மின்துடிப்பு தரும், துடிப்பின் உயரமே ஆற்றலின் அளவு. லட்சக்கணக்கில் எண்ணி கிராஃப் போட்டால், கடை விலைப்பட்டியல் மாதிரி தனித்தனி சிகரங்கள் எழுந்து நிற்கும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள் வந்தது என்று பார்த்தால் அந்தப் படியின் சுழற்சி எண்ணும் கிடைத்துவிடும். 4.44க்கு 2, 7.65க்கு 0, 9.64க்கு 3.

அந்த 7.65ல் அப்படி என்ன இருக்கு?

நட்சத்திரத்தின் நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்து, வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொடும்போது ஹீலியம் எரியத் தொடங்கும். இரண்டு ஹீலியம் அணுக்கரு சேர்ந்தால் பெரிலியம்-8. அது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு கூட நிற்காது, அதைவிடப் பல கோடி மடங்கு சீக்கிரம் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்டினால்தான் கார்பன். சாதாரணக் கணக்கில் இது நடக்கிற வேகம், இன்று பிரபஞ்சத்தில் இருக்கும் கார்பனுக்குப் போதவே போதாது.

1953ல் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹோய்ல் அமெரிக்காவின் கால்டெக் சென்று, வில்லியம் ஃபவுலரின் ஆய்வகத்தில் ஒரு வாதத்தை வைத்தார். கார்பன் இருக்கிறது. அப்படியானால் மூன்று ஹீலியம் சேரும் ஆற்றலுக்குச் சற்று மேலே கார்பனில் ஒரு படி இருந்தே ஆகணும்! அதற்கு முன் அந்தப் பக்கத்தில் ஒரு படியைப் பார்த்ததாகச் சிலர் சொன்னதும், தேடியும் காணவில்லை என்று வேறு சிலர் சொன்னதும் உண்டு. வார்ட் வேலிங் குழு சோதித்தது. அவர்கள் செய்தது சிதறல் சோதனை அல்ல, நைட்ரஜனை டியூட்ரானால் மோதி வெளியே வரும் ஆல்ஃபாவை அளந்தார்கள். சில்லறை எண்ணுகிற கணக்கு அதேதான். ஹோய்ல் சொன்ன இடத்திலேயே படி இருந்தது. அதனால் மூன்று ஹீலியம் இணையும் வேகம் கோடி மடங்கு அளவுக்குக் கூடுகிறது. இன்றும் அதன் பெயர் 'ஹோய்ல் நிலை'.

1983ல் இயற்பியல் நோபல் பரிசை ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் கட்டமைப்பு பற்றிய ஆய்வுக்காக அவருக்கு, தனிமங்கள் உருவாகும் அணுக்கரு வினைகளுக்காக ஃபவுலருக்கு. ஹோய்லுக்கு இல்லை. இது சரியா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை, ஓயாமல் இருப்பதில் நியாயமும் இருக்கிறது.

10,000ல் 4... அதுவும் சர்ச்சையில்!

ஹோய்ல் நிலைக்கு ஏறிய கார்பன் பெரும்பாலும் திரும்ப மூன்று ஹீலியமாக உடைந்துவிடும். 10,000 முறையில் சுமார் 4 முறை மட்டுமே ஆற்றலை வெளியேற்றிவிட்டு நிலையான கார்பனாகக் கீழே இறங்கும். உலகத்தில் இருக்கும் கார்பன் கிட்டத்தட்ட எல்லாமே அந்த 4ல் இருந்து வந்ததுதான்.

அதனால்தான் இந்த '4' மாறினால் பிரச்சனை. 2020ல் நார்வே, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புரோட்டானை கார்பன் மீது சிதறவிட்டு அளந்து, ஒளியாக ஆற்றலை விடும் வீதம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதை விட 34 சதவீதம் அதிகம் என்றார்கள். நட்சத்திரத்தில் கார்பன், ஆக்சிஜன் விகிதத்தையே திருத்தி எழுத வைக்கும் அளவு அது. அதன்பிறகு வெவ்வேறு முறைகளில் வந்த அளவீடுகள் பழைய எண்ணின் பக்கமே நின்றன. ஓஸ்லோவில் மறுபடி செய்த சோதனையும் அப்படித்தான்.

கொல்கத்தா குழு எடுத்துக்கொண்டது இன்னொரு கேள்வி. உடையும்போது ஒரு ஹீலியம் முதலில் பிரிந்து, மிச்சமுள்ள பெரிலியம் பிறகு உடைகிறதா? இல்லை, மூன்றும் ஒரே நேரத்தில் சிதறுகின்றனவா? மூன்றும் ஒரேயடியாகப் பிரிவது சகஜம் என்றால், ஹோய்ல் நிலையின் உள் அமைப்பு பற்றிய கோட்பாடுகளையும், குறைந்த வெப்பத்தில் கார்பன் உருவாகும் கணக்கையும் திருத்தணும். சிதறிய ஆல்ஃபாவையும், உடைந்த மூன்றையும் சேர்த்து நாலையும் ஒரே சமயத்தில் பிடித்தால்தான் பதில் கிடைக்கும். 2013ல் முதல் முடிவு வந்தது. 2019ல் இன்னும் துல்லியமாக அளந்து, அப்படி ஒரேயடியாக உடைவது 0.019 சதவீதத்துக்கும் கீழே என்று வரம்பு வைத்தார்கள். அதாவது ஒரு லட்சத்தில் 19 கூட இல்லை. 2017ல் வெளிநாட்டுக் குழுக்கள் வைத்த வரம்பு 0.04 சதவீதத்துக்கு மேலே இருந்தது.

4.44க்கு வேலையே இல்லையா?

இருக்கு, அதுவும் பூமியிலேயே. எண்ணெய்க் கிணறுக்குள் கருவியை இறக்கி நியூட்ரான்களைப் பாய்ச்சினால், கார்பன் மீது மோதி முதல் படிக்கு ஏற்றும். அது இறங்கும்போது வருவது 4.44 எம்இவி காமா கதிர். ஆக்சிஜனில் இருந்து வருவது 6.13. இரண்டையும் ஒப்பிட்டால் பாறையில் இருப்பது எண்ணெயா தண்ணீரா என்று கணிக்கலாம்.

புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையிலும் இதே கதிர் வருகிறது. சென்னையில் 2019ல் இந்தச் சிகிச்சை தொடங்கியது. புரோட்டான் கற்றை உடம்புக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ரொம்ப முக்கியம். சில மில்லிமீட்டர் தள்ளினாலும் கட்டி தப்பிக்கும், பக்கத்தில் உள்ள நல்ல திசு அடி வாங்கும். போகிற வழியில் திசுவில் உள்ள கார்பன் மீது மோதும்போது அதே 4.44 எம்இவி காமா வெளியே வரும். அதை உடம்புக்கு வெளியே பிடித்து, கற்றை எங்கே நின்றது என்பதைச் சிகிச்சை நடக்கும்போதே கண்டுபிடிக்கும் கருவிகளைப் பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்து வருகின்றன.