பழைய டிவியில் 'கீ...'ன்னு சத்தம், குழந்தைக்கு கேட்குது, தாத்தாவுக்கு கேட்கலை. ஏன் தெரியுமா?

"டிவி போட்டாலே காதுக்குள்ள கீ...ன்னு கேட்குது" என்று குழந்தை சொல்லும். "எங்களுக்கு ஒண்ணும் கேட்கலையே, சும்மா சொல்லாத" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். பழைய பிக்சர் டியூப் டிவி இருக்கும் வீடுகளில் இது வழக்கமான காட்சி. உண்மையில் குழந்தை பொய் சொல்லவில்லை.

2006-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் கொடுக்கப்பட்ட 14 இன்ச் டிவிகளும் இந்த வகைதான். இன்னும் அப்படி ஒரு டிவி ஓடும் வீடுகளில், இந்த சத்தம் பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சத்தம் எங்கிருந்து வருது?

பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை ஒன்று திரையில் வரி வரியாக ஓடித்தான் படத்தை வரைகிறது. நம் நாட்டில் பயன்படும் பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் 15,625. அதாவது அந்தக் கற்றை நொடிக்கு 15,625 முறை இடமிருந்து வலமாக ஓடுகிறது.

இதே வேகத்தில் இயங்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் டிவிக்குள் இருக்கிறது. மெக்கானிக்குகள் 'ஈ.எச்.டி.' என்று சொல்வது இதைத்தான். இதன் காந்த உள்ளகமும் கம்பிச் சுற்றுகளும் லேசாக அதிர்வதுதான் நாம் கேட்கும் 'கீ' சத்தம். வருடக்கணக்கில் சூடாகி, ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால் அதிர்வு கூடும், சத்தமும் கூடும்.

பெரியவர்களுக்கு ஏன் கேட்கலை?

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அதனால் 15,625 ஹெர்ட்ஸ் ஒலி சிறுவர்களுக்கு தெளிவாகக் கேட்கும். நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு கேட்காது.

சந்தேகமா? மொபைலில் 'ஸ்பெக்ட்ரம் அனலைசர்' ஆப் ஒன்றை போட்டு டிவி பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15,600 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு எகிறி நின்றால், குழந்தை சொன்னது சரிதான்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

* செட்டாப் பாக்ஸை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. திரை கருப்பாக இருந்தாலும் டிவி ஆனில் இருந்தால் சத்தம் வரும். டிவி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.
* தள்ளி உட்காருங்கள். டிவி சுவர் மூலையில் இருந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள்.
* இந்த வகை ஒலியை துணி நன்றாக உறிஞ்சும். டிவிக்குப் பின்னால் உள்ள சுவரில் கனமான திரைச்சீலை தொங்கவிடலாம். ஆனால் டிவி மேலேயே துணி போட்டு காற்றுத் துளைகளை மூடக்கூடாது, சூடாகிவிடும்.
* படிக்கும் குழந்தைக்கும் தூங்கும் குழந்தைக்கும் பக்கத்தில் டிவி வேண்டாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பின் மூடியைக் கழற்றி நீங்களே பசை ஊற்றிப் பார்க்க வேண்டாம். கலர் பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். ஈ.எச்.டி.யை வார்னிஷ் வைத்து இறுக்குவதோ, மாற்றுவதோ அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

எப்போது உடனே அணைக்கணும்?

'கீ' என்று ஒரே சீராக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தொல்லை மட்டும்தான். 'டிக் டிக்', 'சடசட' என்று வந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, படம் சுருங்கி விரிந்தாலோ மின்பொறி பறக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள்.

டிவியை அணைத்த பிறகும், வேறு அறைக்குப் போன பிறகும் காதில் அதே சத்தம் தொடர்கிறதா? அப்படியானால் பிரச்னை டிவியில் இல்லை. காது மருத்துவரைப் பாருங்கள்.

டிவியை மாற்றுவதாக இருந்தால்?

எல்.இ.டி. டிவியில் இந்த டிரான்ஸ்பார்மரே கிடையாது, எனவே இந்த சத்தமும் இல்லை. பழையதை குப்பையில் வீசவோ உடைக்கவோ வேண்டாம். டியூபுக்குள் வெற்றிடம் இருப்பதால் உடைந்தால் கண்ணாடி சிதறும், கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

அடுத்த முறை குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் திட்டாதீங்க. முதலில் டிவியை அணைத்துப் பாருங்கள்.