தீவாந்தரச் சிறையும் நம் பாப்பாரப்பட்டியும்



யாத்திரை செய்வோர் கண்டு மகிழும் இடங்கள் பலவகைப்படும். கோயில், கோட்டை, அருவி, அரண்மனை என்பன அவற்றுட் சில. நம் தருமபுரி ஜில்லாவினர் ஒகேனக்கல்லையும் அதியமான்கோட்டையையும் பலமுறை கண்டிருப்பர். ஆயின், ஒரு சிறைச்சாலையை ஜனங்கள் கட்டணங் கொடுத்துத் திரள் திரளாய்ச் சென்று பார்க்கின்றனர் என்பது முதன்முறை கேட்போர்க்கு வியப்பாகவே தோன்றும். சிறைவாயிலை மிதியாதிருக்க வேண்டுமென்றன்றோ மாந்தர் தெய்வத்தை வேண்டுவர்? அத்தகைய சிறை அந்தமான் தீவிலுள்ள செல்லுலர் ஜெயில். அதன் சரித்திரம் கடல் கடந்த செய்தியேயாயினும், நம் ஜில்லாவுக்கு அந்நியமானதன்று.

நம் பாப்பாரப்பட்டியிலே துயில்கொள்ளும் சுப்பிரமணிய சிவா அவர்களை நினைமின்கள். 1908-ம் வருஷத்தில் அவரும் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களும் ராஜத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்றுத் திருநெல்வேலியில் விசாரிக்கப்பட்டனர். நீதிபதி பின்ஹே, பிள்ளையவர்களுக்கு ஆயுள்காலத் தீவாந்தர சிக்ஷையும், சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தர சிக்ஷையும் விதித்தார். ஹைக்கோர்ட்டில் அத்தண்டனைகள் குறைக்கப்பட்டமையால் இருவரும் இந்நாட்டுச் சிறைகளிலேயே காலங் கழித்தனர். பிள்ளையவர்கள் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த கதையை யாவரும் அறிவர். சிவா 1912-ல் விடுதலை பெற்றபோது குஷ்டநோயைச் சுமந்துகொண்டே வெளிவந்தார். தீவாந்தரம் என்ற சொல் அக்காலத்தில் குடும்பங்களின் நெஞ்சை ஏன் நடுங்கச் செய்தது என்பதை உணர வேண்டுமாயின், அவ்விருவரும் அனுப்பப்படாது தப்பிய அந்தத் தீவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1857-ம் வருஷத்துச் சிப்பாய்ப் புரட்சி அடக்கப்பட்டதும், ஆங்கில ராஜாங்கத்தார் கைதிகளை அடைக்க ஒரு தூர தேசத்தை நாடினர். 1858-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி வாக்கர் என்னும் வைத்திய அதிகாரி 200 கைதிகளுடன் அந்தமானில் இறங்கினார். அப்பொழுது அங்கே சிறையும் இல்லை, மதிலும் இல்லை. சுற்றியுள்ள கடலே மதிலாக இருந்தது. காட்டையழித்தல், சதுப்பு நிலம் தூர்த்தல் முதலிய வேலைகளிலே கைதிகள் நோயாலும் அடியாலும் மடிந்தனர்.

ஆண்டுகள் பல சென்றபின் ராஜாங்கத்தார்க்கு வேறொரு கவலை உண்டாயிற்று. 1890-ல் லயல், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அதிகாரிகள் விசாரணை நடத்தி, தீவாந்தரம் முன்போல் அச்சம் விளைப்பதாயில்லை என்றும், புதிதாக வருங் கைதிகளை முதலில் தனியறையில் அடைத்துக் கடுமையாய் நடத்தவேண்டும் என்றும் தெரிவித்தனர். அதன் பயனாக 1896-ல் தொடங்கிப் பத்து வருஷத்தில் எழுந்ததே இச்சிறை. கட்டியோரும் கைதிகளே. தம்மை அடைக்கும் சுவரைத் தாமே எழுப்பினர் என்றால், இதனினும் கொடுமை யாது?

கட்டடத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. நடுவே ஒரு கோபுரம். அதனின்று சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு பகுதிகள் நீண்டிருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. கோபுரத்தில் நிற்கும் ஒரு காவலன் எல்லா நடைகளையும் நோக்கலாம். அறைகள் எழுநூற்றுக்குச் சற்றே குறைந்தவை; அறையொன்று ஏறக்குறைய 13½ அடி நீளமும் 7 அடி அகலமும் உடையது. ஒரு பகுதியின் முகப்பு அடுத்த பகுதியின் முதுகையே நோக்கும். ஆதலின் கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணல் அரிது. கதவின் தாழோ, உள்ளிருந்து கை எட்டாதவாறு சுவர்க்குழியில் வைக்கப்பட்டது. மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதே இக்கட்டடத்தின் முழு நோக்கம்.

பகலெல்லாம் கயிறு திரித்தலும் செக்காட்டுதலும் வேலை. நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டித் தருதல் வேண்டும். தவறினால் சவுக்கடியும் விலங்கும். மாடு செய்யத்தக்க வேலையை மனிதர் செய்தனர். 1912-ல் இந்துபூஷண் ராய் என்னும் வங்காள வாலிபர் இத்துன்பம் பொறாது உயிரை மாய்த்துக்கொண்டார். உல்லாஸ்கர் தத்தர் சித்தங் கலங்கினார்.

ஆயினும் பிரித்து வைக்கப்பட்டோர் ஒன்றுபட்டனர். 1933-ல் கைதிகள் உண்ணாவிரதம் பூண்டபோது மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவரும் வலிந்து உணவூட்டப்பட்டு உயிர் துறந்தனர். 1937-ல் மறுபடியும் பெரியதோர் உண்ணாவிரதம் நிகழ்ந்தது. காந்தியடிகளும் ரவீந்திரநாத தாகூரும் தலையிட்டனர். 1938-ம் வருஷத் தொடக்கத்திற்குள் அரசியற் கைதிகள் யாவரும் தாய்நாட்டுக்குத் திருப்பப்பட்டனர்.

1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் வசமாயிற்று. எஜமானர் மாறினும் சிறையின் இயல்பு மாறவில்லை. தீவுவாசிகள் பலர் வேவுகாரரென்று பிடிபட்டு அங்கே வதைக்கப்பட்டனர். டாக்டர் திவான் சிங் என்னும் சீக்கியப் புலவர் அவ்வாறே 1944-ல் மாண்டார்.

நிற்க. சுதந்திரம் வந்தபின் இக்கட்டடத்திற்கு வேறொரு ஆபத்து நேர்ந்தது. ஏழு பகுதிகளில் சில ஜப்பானியர் காலத்திலும், சில அதற்குப் பின்னும் இடிபட்டன; 1963-ல் அவ்விடத்தில் ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டது. ஆஸ்பத்திரி நல்லறமே, அதனைக் குறைகூற ஒண்ணாது. ஆயின், எஞ்சியதும் போய்விடக் கூடாதென்று கிளர்ந்தவர் யாவர்? அங்கே அடைபட்டுக் கிடந்த முன்னாட் கைதிகளே! தம்மை வதைத்த சுவர் இடியும்போது மகிழவேண்டியவர், அதனை இடியாதீர் என்று ராஜாங்கத்தாரை மன்றாடினர். சுவர் போனால் சாட்சி போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தனர். எஞ்சிய மூன்று பகுதிகளும் கோபுரமும் 1979-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாயால் தேசிய நினைவுச்சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டன. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேயர் நகருக்குச் செல்வோர் இன்று அதனைக் காணாது திரும்புவதில்லை. மாலையில் ஒலி ஒளிக் காட்சியும் நடைபெறுகின்றது.

காண்போர் ஒன்று மறவற்க. சலவைக்கற்களிற் பொறித்த பெயர்கள் அரசியற் கைதிகளுடையன. அவர்க்கு முன் காடு வெட்டியும் செங்கல் சுமந்தும் மாண்ட சாமானியக் கைதிகளுக்கு அச்சுவரே கல்வெட்டு. படம் பிடித்துக்கொண்டு மீள்வது மட்டும் யாத்திரையாகாது. ஓர் அறையினுட் புகுந்து சிறிது நேரம் வாய்மூடி நிற்றலே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

அத்துணைத் தூரம் செல்ல இயலாதவர் வருந்தவேண்டுவதில்லை. குஷ்டரோகிகள் ரயிலேறலாகாதென்ற தடையால் சிவா ஊரூராகக் கால்நடையாய் நடந்தார். பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் நிறுவி, 1923-ல் சித்தரஞ்சன தாஸரைக் கொண்டு பாரதமாதா ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டுவித்தார். அது நிறைவேறக் காணாமலே 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி தேகவியோகமானார். அவர் சமாதி நம் வாயிற்படியிலே உள்ளது. சிறை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கும், என்ன செய்ய இயலாது என்பதற்கும் அதுவே சாட்சி. நம் சிறார்களை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், வழியிலே பாப்பாரப்பட்டியிலும் ஒரு நாழிகை தங்கி, இக்கதையை அவர்க்கு எடுத்துரைப்பார்களாக.