சாயத்தில் பதிந்த கல்யாணங்கள்

1990களின் கடைசியில் பாளையங்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருந்த எங்களுக்கு சிவகாசி தூரமில்லை. முடித்த வேலையை அச்சகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஃபிளாப்பி கொள்வது 1.44 எம்.பி.; நல்லபடியாக ஸ்கேன் செய்த ஒரு படமே அதில் அடங்காது. ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோவோம்.

அப்படிப்பட்ட நேரத்தில் வந்தது 650 எம்.பி. சிடி. ஃபிலிப்ஸும் சோனியும் 1982-இல் பாட்டுக்காகக் கொண்டுவந்த தட்டுதான். ஆனால் அதெல்லாம் ஆலையில் அச்சு வைத்து அழுத்தியது. பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். கடையில் நாங்கள் எழுதிக் கொடுத்த சிடி வேறு சாதி. ஜப்பானின் தையோ யூடன் 1988-இல் உருவாக்கிய அந்த வகையில் பள்ளமே கிடையாது. மெல்லிய சாயப் பூச்சை லேசர் சுட்டு நிறம் மாற்றும். படிக்கும் கருவி அதைப் பள்ளமென்று எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை வாங்க வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்றைக்கும் அழியாது என்றே விற்றார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இரட்டை வேகத்தில் ஒரு தட்டு நிறைய 37 நிமிடம். அதுவரை மவுஸைத் தொடக் கூடாது, ஸ்கிரீன் சேவர் வரக் கூடாது. தகவல் வருவது ஒரு நொடி தடைபட்டாலும் தட்டு குப்பைக்குத்தான். 2000-இல் சான்யோ கண்ட தொழில்நுட்பம்தான், தடை வந்தால் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வைத்தது.

வெற்றுத் தட்டின் விலை மளமளவென்று இறங்கியதில் நம் நாட்டு மோசர் பேருக்குப் பங்கு உண்டு. ஃபிளாப்பி செய்துவந்த அந்த நிறுவனம் 1999-இல் சிடி தயாரிப்பில் இறங்கி, உலகின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2007-இல் சினிமாவை 28 ரூபாய்க்கு வி.சி.டி.யாக விற்றது. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவு வந்த செய்தியைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

இப்போது லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. கல்யாணப் படம் இருக்கும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் பெயரை அழுத்தி எழுதியிருப்பார்கள். தகவலோ அந்த மேல்பக்க வார்னிஷுக்கு ஒட்டினாற்போலத்தான் இருக்கிறது. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல். மேலே அது இல்லை.

சிடியில் எழுத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும். கெடுவது பெரும்பாலும் விளிம்பில் தொடங்கும். ஆகவே மாப்பிள்ளை அழைப்பும் தாலி கட்டும் படமும் திறந்துவிடும்; கடைசியில் எடுத்த பந்திப் படங்களும், சொந்தபந்தம் எல்லாரும் சேர்ந்து நின்ற படமும் திறக்காது. அந்தக் கூட்டத்தில் நின்ற தாத்தாவைத் தேடித்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு என்பதால், பழைய டிரைவ்களைத் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாக மாற்றி, வேகத்தைக் குறைத்து, விளிம்பைத்தான் முதலில் படிக்க வைக்கிறேன்.