அச்சுக்கு ஜப்தி இல்லை!

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒருவரால் பழைய ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியவில்லை. கோர்ட்டில் டிகிரியும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'இனி ஜெயில்தான்' என்று வீடே நடுங்கும். அவசரப்பட வேண்டாம்!

கடன்பட்டவரை உள்ளே தள்ளுவது பழைய வழக்கம்தான். 1824-ல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் அப்பாவே லண்டன் மார்ஷல்ஸி சிறையில் அடைபட்டார். இங்கே 1908-ம் வருட சிவில் நடைமுறைச் சட்டமும் கைதை அனுமதித்தது. 1936-ல்தான் கடிவாளம் விழுந்தது: வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார், ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறார் என்பது போன்ற காரணம் இல்லாமல் சிறை கூடாது.

1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இன்னும் அழுத்திச் சொன்னார்: கையில் இல்லாதது குற்றமல்ல, கெட்ட எண்ணம் இருந்தால்தான் சிறை.

அதே சட்டத்தின் 60-வது பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, கைத்தொழில் கருவி எதிலும் அமீனா கைவைக்க முடியாது. ஆக, பொம்மை வார்க்கிற அச்சு தப்பித்தது!

ஆனால், டிகிரிக்கு ஆயுசு 12 வருஷம். வந்த நோட்டீஸைப் பரணில் போட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஏட்டோடு சரி. கோர்ட்டுக்குப் போய், வருமானத்தைக் காட்டி, எதிர்த்தரப்போடு தவணை பேசுகிறவருக்குத்தான் சட்டம் துணை!